ஒரு வாக்கியத்துக்கு எத்தனை தாவல்?

“சார், ஓடிபி வந்ததும் சொல்லுங்க. 10 மணிக்கு ஜூம் லிங்க் அனுப்புறேன்.”

அலுவலக வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் போகிற சாதாரணத் தகவல்தான். இதில் தமிழைத் தமிழ் எழுத்திலும், ‘ஓடிபி’, ‘ஜூம் லிங்க்’ இரண்டையும் ஆங்கில எழுத்திலும் அடிக்க நினைக்கிற ஒருவரின் கட்டைவிரலைக் கொஞ்சம் பின்தொடரலாம். ‘சார்’ முடிந்ததும் உலக உருண்டை போட்ட விசையைத் தட்டி ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். மூன்று எழுத்து அடித்த கையோடு திரும்பத் தமிழுக்கு. 10 என்று போட எண்கள் இருக்கும் பக்கத்துக்கு, அங்கிருந்து மறுபடி தமிழுக்கு. ஜூமுக்காக இன்னொரு முறை ஆங்கிலம், ‘அனுப்புறேன்’ என்று முடிக்க இன்னொரு முறை தமிழ். ஒன்பது சொல்லுக்கு ஆறு தாவல். பாதி வழியில் பொறுமை போய், அடித்ததையெல்லாம் அழித்துவிட்டு, மொத்தத்தையும் ஆங்கில எழுத்திலேயே தங்கிலீஷாக அனுப்பிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

தமிழர்கள் தமிழில் டைப் செய்வதில்லை என்ற புலம்பல் மேடைக்கு மேடை கேட்கிறது. மொழிப்பற்று குறைந்துவிட்டது, ஆங்கில மோகம் என்று காரணமும் சொல்லிவிடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் விரலைப் பார்த்தால் கதை வேறு மாதிரி தெரிகிறது. கைபேசியின் விசைப்பலகை, ஒரு வாக்கியத்துக்கு ஒரு மொழி என்ற கணக்கில் செய்யப்பட்டது. பேச்சிலேயே இரண்டு மொழியைக் கலந்து பழகியவருக்கு ஒவ்வொரு கலப்புக்கும் ஒரு தட்டு கூடுதல். அந்தச் சுங்கத்தைக் கட்டாமல் போக எந்த வழி சுலபமோ, அந்த எழுத்தில் தமிழ் எழுதப்படுகிறது.

முதல் சிக்கல் எது எங்கே இருக்கிறது என்பதிலேயே தொடங்கிவிடுகிறது. கைபேசியில் ‘மொழி’ என்ற பெயரில் மூன்று தனித்தனி விஷயங்கள் உண்டு. மெனுக்களும் பொத்தான்களும் எந்த மொழியில் தெரிய வேண்டும் என்பது ஒன்று. எந்த விசைப்பலகைச் செயலி வேலை செய்கிறது என்பது இரண்டாவது. ஜிபோர்டு, சாம்சங் கீபோர்டு, ஸ்விஃப்ட்கீ, செல்லினம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அந்தச் செயலிக்குள் இப்போது எந்த மொழி திறந்திருக்கிறது என்பது மூன்றாவது. தமிழில் டைப் செய்ய விரும்பும் ஒருவர் முதலாவதை மாற்றிவிட்டு, கைபேசி முழுக்கத் தமிழாகி, திரும்பி வர வழி தெரியாமல் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது நடக்கிற காரியம்தான். மாற்ற வேண்டியது மூன்றாவதை மட்டும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு என்று போய்ப் புதிய விசைப்பலகையாகத் தமிழைச் சேர்க்க வேண்டும். ஜிபோர்டில் அதன் அமைப்புக்குள் மொழிகள் என்ற பகுதியில் தமிழைச் சேர்த்தால் போதும்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள குழப்பம் ஆண்ட்ராய்டில் அதிகம். ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் மொழிப் பட்டியல் வரும். திரையின் அடியில் ஓரமாக இருக்கும் சின்ன விசைப்பலகைப் படத்தைத் தொட்டால் செயலிப் பட்டியல் வரும். மூன்று செயலியை நிறுவி, ஒவ்வொன்றிலும் தமிழையும் ஆங்கிலத்தையும் வைத்திருப்பவர் உண்மையில் ஆறு விசைப்பலகைகளுக்குள் அலைகிறார். சாம்சங்கில் ஸ்பேஸ் பாரை இடமோ வலமோ தள்ளினால் மொழி மாறும். தெரியாமல் விரல் பட்டு மாறிவிட்டதென்று எரிச்சல்படுகிறவர்களும் உண்டு. ஐபோனில் ஆங்கிலமும் இமோஜியும் மட்டும் இருக்கும்வரை உலக உருண்டைக்குரிய இடத்தில் சிரிக்கும் முகம்தான் இருக்கும். தமிழைச் சேர்த்த பிறகே உலக உருண்டை எட்டிப் பார்க்கும். அதைத் தட்டினால் அடுத்த மொழி, அழுத்திப் பிடித்தால் முழுப் பட்டியல்.

தமிழ் விசைப்பலகைக்குள் போய்விட்டால் அடுத்த கேள்வி: எந்தத் தமிழ் விசைப்பலகை? இதற்குப் பதில் சொல்லக் கைபேசியைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டுத் தட்டச்சுப் பொறிக்குப் போக வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த இரா. முத்தையா, கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு எழுத்துகளை அடுக்கியபோது அவர் முன் இருந்தது ஓர் இரும்புக் கணக்கு. 247 எழுத்தையும் நாற்பத்துச் சொச்சம் விசையில் அடக்க வேண்டும். நகரா விசை என்ற உத்தியில் அதைத் தீர்த்தார். சில குறிகளை முதலில் அடித்தால் தாள் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும். ‘கொ’ என்பதற்குக் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே விரல் போகும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்துத் தேறிய தலைமுறைக்கு அந்த வரிசை விரலிலேயே ஊறிவிட்டது. இலங்கையில் பாமினி எழுத்துருவும், பின்னால் அரசு தரமாக்கிய ரெங்கநாதன் விசைப்பலகையும் அந்த மரபைத் தொடர்ந்தன.

தமிழ் 99 அதிலிருந்து முற்றிலும் விலகியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி உருவாகி, அந்த ஆண்டே தமிழ்நாடு அரசின் தரமாக அறிவிக்கப்பட்டது. இதில் எழுத்தின் தோற்றத்துக்கு வேலை இல்லை, ஒலிதான் கணக்கு. 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி என 31 விசை. இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். கையும் எழுத்தும் மாறி மாறி வரும்படி அடுக்கியிருக்கிறார்கள். இதன் உண்மையான அழகு புள்ளியில் இருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. ‘அம்மா’ எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. ‘பந்து’ எழுத ப, ந, த, உ. தமிழில் இந்த எழுத்துகள் இணைந்து வரும் விதத்தைத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து யோசித்த வேலை என்பது இரண்டு நாள் பழகினாலே புரிந்துவிடும். ‘மமதை’ போல அபூர்வமாகப் புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே ஓர் அ தட்டினால் தீர்ந்தது.

ஆனால் தமிழ் 99 பத்து விரலுக்கு வடிவமைக்கப்பட்டது. கைபேசியில் இருப்பது இரண்டு கட்டைவிரல். மேல் வரிசையில் மட்டும் 12 எழுத்து. ஆங்கிலத்தில் அங்கே 10தான். அதே அகலத் திரையில் ஒவ்வொரு விசையும் ஆறில் ஒரு பங்கு ஒடுங்கிவிடும். ‘ள’ தட்டப் போய் ‘ற’ விழுவது விரலின் குற்றமல்ல. அப்படியும், தினம் நிறைய எழுதுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை சிபாரிசு செய்வது தமிழ் 99ஐத்தான். ஒரு வாரம் திண்டாட்டம் இருக்கும். அதற்குப் பிறகு பரிந்துரைப் பட்டையைப் பார்க்காமலே எழுத வரும்.

வேறு சில விசைப்பலகைகள் மெய்யைத் தட்டியதும் உயிர் வரிசையையே மாற்றிக் காட்டுகின்றன. க தட்டினால் கா, கி, கீ என்று மேலே வந்து நிற்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சுகம். வேகம் கூடிய பிறகு, கண்ணெதிரே விசைகள் உரு மாறிக்கொண்டே இருப்பது தலைசுற்றல்.

பெரும்பாலோர் போகிற பாதை இவை எதுவுமில்லை. ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழ் எழுத்தாக மாறும் முறைதான் கூட்டத்தைப் பிடித்தது. புதிதாக எதையும் கற்க வேண்டாம், ஆங்கில விசை வரிசை எல்லோருக்கும் தெரியும். இந்த வகையில் மூத்தது மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல். கணினியில் தொடங்கிய அவரது வேலை, 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் செல்லினமாகக் கைபேசிக்கு வந்தது. ஐபோனும் ஆண்ட்ராய்டும் பிறக்காத காலம் அது. 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது ஆப்பிள் தமிழ் 99, அஞ்சல் இரண்டையும் ஐபோனிலேயே சேர்த்துக் கொடுத்தது. ஆண்ட்ராய்டு 2009இலேயே வெளியார் செய்த விசைப்பலகைகளுக்கு வாசலைத் திறந்துவிட்டிருந்தாலும், அதன் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் எழுத்துரு இல்லாததால் தமிழ்ச் செய்தி வந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

ஒலிபெயர்ப்பில் இரண்டு சாதி உண்டு. அஞ்சல் போன்றவற்றில் விதி நிலையானது. இன்ன விசைக்கு இன்ன எழுத்து, மாறாது. கூகுள் வகையில் கருவி ஊகிக்கிறது. வி, ஏ, எல், ஐ என்று நான்கு எழுத்து அடித்தால் வலி, வழி, வளி, வாலி, வாளி என்று ஐந்து தமிழ்ச் சொல் வாசலில் நிற்கும். எதை முதலில் நீட்டுவது என்பதைப் பழக்கத்தையும் அக்கம்பக்கச் சொல்லையும் பார்த்து முடிவு செய்கிறது. பெரும்பாலும் சரியாகவே செய்கிறது. தவறும்போதுதான் ‘பள்ளிக்கு’ப் போக வேண்டிய பிள்ளை ‘பல்லிக்கு’ப் போய்விடுகிறது. ல, ள, ழ மூன்றும், ன, ண, ந மூன்றும், ர, ற இரண்டும் ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்துக்குள் ஒடுங்கும் மொழிக்கு இது தலைவிதி. பத்தாண்டு இப்படியே எழுதிப் பழகிய இளைஞர், கையால் எழுதும்போது எந்த ‘ன’ என்று ஒரு கணம் நின்று யோசிப்பதை ஆசிரியர்கள் குறையாகச் சொல்கிறார்கள். கருவி தேர்ந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் அந்த வேலையைக் கை மறக்கத்தான் செய்யும்.

ஆனால் தாவல் கணக்கில் ஒலிபெயர்ப்புக்கு ஒரு பெரிய மதிப்பெண் உண்டு. அடிப்பது ஆங்கில விசையில் என்பதால் ‘ஓடிபி’ வரும் இடத்தில் உருண்டையைத் தேட வேண்டியதில்லை. பரிந்துரைப் பட்டையில் தமிழ் வடிவத்துக்குப் பதில் அடித்த ஆங்கில எழுத்தையே தேர்ந்துகொண்டால் போதும். கட்டுரையின் தொடக்கத்தில் வந்த ஆறு தாவலில் நான்கு இங்கே காணாமல் போகும். மக்கள் ஏன் இதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

தங்கிலீஷ் பழக்கத்துக்கு இன்னொரு பழைய வேர் உண்டு, அதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் அதில் 160 எழுத்து அடங்கும். தமிழில் 70தான். அந்த 70ம் நாம் எண்ணுகிற எழுத்தல்ல, யூனிகோடு எண்ணுகிற குறிகள். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. அதற்கு த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து. ஆங்கிலச் செய்திக்கு நடுவே ஒரே ஒரு தமிழ் எழுத்தை நுழைத்தாலும் முழுச் செய்திக்கும் 70 என்ற வரம்பு வந்துவிடும். செய்திக்கு இவ்வளவு காசு என்று கொடுத்த காலத்தில், தமிழில் எழுதுவது இரட்டைச் செலவு. ஆங்கில எழுத்தில் தமிழ் பேசும் கை அப்போதே பழகிவிட்டது. வாட்ஸ்அப் வந்து காசு போனது, கை மாறவில்லை.

அரசு தரப்பிலும் ஒரு முயற்சி நடந்தது. 2016இல் வந்த இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 16333 தரம், இந்தியாவில் விற்கும் கைபேசிகள் 22 அட்டவணை மொழிகளையும் படிக்கக் காட்ட வேண்டும், ஆங்கிலம், இந்தி, கூடவே குறைந்தது ஓர் இந்திய மொழியில் டைப் செய்ய வழி தர வேண்டும் என்றது. கட்டம் கட்டமாகத் தெரிந்த தொல்லை ஒழிந்ததில் இதற்குப் பங்குண்டு. அமைப்புக்குள் அமைப்பாக ஒளிந்திருக்கும் விசைப்பலகையை எடுத்து விரலுக்கு அருகில் வைக்கும் வேலை மட்டும் இன்றும் கைபேசி வாங்கியவரின் தலையில்தான்.

இரண்டு மொழி கலந்து எழுதுகிறவர்களை நிறுவனங்கள் கவனிக்காமல் இல்லை. ஜிபோர்டு ஆண்ட்ராய்டில் மூன்று மொழி வரையிலும், ஸ்விஃப்ட்கீ ஐந்து மொழி வரையிலும் ஒரே விசைப்பலகையில் சேர்த்து வைத்துக்கொள்ள விடுகின்றன. மொழியை மாற்றாமலே கலந்து அடிக்கலாம், திருத்தமும் பரிந்துரையும் எல்லாவற்றுக்கும் வரும். 2024இல் ஐஓஎஸ் 18 ஆங்கிலத்துடன் இரண்டு இந்திய மொழிகளை இப்படிச் சேர்க்கும் வசதியைக் கொடுத்தது. தமிழும் அதில் உண்டு. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. உள்ளே பார்த்தால், ஐஓஎஸ் 18இன் இந்தச் சேர்க்கை மூன்று மொழியையும் ஆங்கில எழுத்தில் அடிக்கிறவர்களுக்கானது. மற்றவற்றிலும் இது முழு வசதியோடு வேலை செய்வது ஒரே எழுத்தைப் பகிரும் மொழிகளுக்கு நடுவேதான். தாவலை ஒழிக்கும் வசதி, தமிழில் யாருக்கு முதலில் வந்து சேர்ந்தது என்றால் தங்கிலீஷ் எழுதுகிறவருக்கு. தமிழ் எழுத்தில் எழுதுகிறவர் இன்னும் உருண்டையைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

கொழும்பில் வேலை பார்க்கும் தமிழரை நினைத்துப் பார்த்தால் நிலைமை இன்னும் நெருக்கடி. சிங்களம், தமிழ், ஆங்கிலம், கூடவே இமோஜி. உருண்டையைத் தட்டத் தட்ட வரிசை சுற்றிக்கொண்டே போகும், ஒரு தட்டு கூடிவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. இவர்களுக்கு ஒரே மருந்து, தட்டுவதை விட்டுவிட்டு அழுத்திப் பிடித்துப் பட்டியலில் தேர்வது.

மைக்கைத் தொட்டுப் பேசினால் இந்தத் தொல்லை எல்லாம் தீர்ந்ததே என்று கேட்கலாம். கூகுளின் குரல் தட்டச்சு 2017 ஆகஸ்டில் 30 புதிய மொழிகளைச் சேர்த்தபோது தமிழும் உள்ளே வந்தது. கண் மங்கிய பெரியவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் மைக்கும் திறந்திருக்கும் மொழியைத்தான் கேட்கும். விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்கும்போது, “தம்பி, ஊருக்கு எப்ப வர்றே?” என்று தாத்தா பேசினால், அதே ஓசையில் ஏதோ நாலு ஆங்கிலச் சொல் போய் விழும். பேரன் அதைப் படித்துவிட்டுப் போன் போட்டு என்ன விஷயம் என்று கேட்பான். வேலை ஒரு வகையில் முடிந்துவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ‘ஔவை’ என்று அடிக்க ஒ, ள என்று இரண்டு எழுத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுவார்கள். திரையில் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். யூனிகோடில் ஔ தனி எழுத்து, ‘ஒள’ வேறு இரண்டு எழுத்து. தேடினால் ஒன்றுக்கு இன்னொன்று கிடைக்காது. ‘கௌ’ வேண்டிய இடத்தில் ‘கெள’, கால் வேண்டிய இடத்தில் ‘ர’ எல்லாம் இதே கதை. தட்டச்சுப் பொறிக் காலத்தில் தாளில் சரியாக விழுந்தால் சரி. இப்போது தாளுக்குப் பின்னால் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார்.

விசைப்பலகைச் செயலியை நம்பலாமா என்ற கேள்வி நியாயமானது. அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் அதன் வழியாகத்தான் போகிறது. வெளிச் செயலியை இயக்கும்போது, கடவுச்சொல், கார்டு எண் உட்பட அடிக்கும் அனைத்தையும் இது சேகரிக்கக்கூடும் என்று ஆண்ட்ராய்டே எச்சரிக்கிறது. எல்லோரும் படிக்காமல் ஓகே கொடுத்துவிடுகிறார்கள். கடவுச்சொல் பெட்டிக்குள் வெளி விசைப்பலகையை ஐபோன் அனுமதிப்பதே இல்லை, தன்னுடையதைக் கொண்டுவந்து வைத்துவிடும். 2024 ஏப்ரலில் டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப், ஒன்பது நிறுவனங்களின் சீன மொழி விசைப்பலகைகளைச் சோதித்தது. எட்டு நிறுவனங்களுடையவற்றில், அடிக்கும் எழுத்துகள் இணையத்தில் போகும் வழியிலேயே பிறர் படித்துவிடக்கூடிய ஓட்டை இருந்தது. சீனமும் அடிப்பது ஒலியை, தேர்வது எழுத்தை என்ற முறையில்தான் இயங்குகிறது. ஊகத்தைச் சர்வருக்கு அனுப்பிக் கேட்கும் எந்த மொழியின் கருவிக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். கடைசியாகப் பயன்படுத்தி ஆறு மாதமான விசைப்பலகைச் செயலி கைபேசியில் இருந்தால், அதை நீக்கிவிடுவது பாதுகாப்புக்கும் நல்லது, தாவலுக்கும் நல்லது.

தாவலைக் குறைக்கும் பொறுப்பு விசைப்பலகை செய்கிறவர்களுடையது மட்டுமல்ல. ஆண்ட்ராய்டு 7 முதல், ‘இந்தப் பெட்டியில் இந்த மொழி வரும்’ என்று ஒரு செயலி விசைப்பலகைக்குக் குறிப்புச் சொல்ல வழி இருக்கிறது. ஐபோனிலும் எந்த உரையாடலில் எந்த மொழி விசைப்பலகை கடைசியாகத் திறந்திருந்தது என்று நினைவில் வைக்கும் ஏற்பாடு உண்டு. ஆப்பிளின் மெசேஜஸ் செயலி அதைப் பயன்படுத்துகிறது; அம்மாவின் உரையாடலைத் திறந்தால் தமிழ், மேலாளருடையதைத் திறந்தால் ஆங்கிலம் என்று அதுவே மாறி நிற்கும். தமிழில் முகவரி கேட்கும் விண்ணப்பச் செயலிகள் ஒரு வரிக் குறிப்பைச் சேர்த்தால், நிரப்புகிறவருக்குப் பக்கத்துக்கு நாலு தட்டு மிச்சமாகும்.

தொடர்பு எண்களின் பட்டியல்தான் கடைசிக் கூத்து. பத்து வருடத்துக்கு முன்னால் ஆங்கிலத்தில் சேமித்த பெயர்கள் அப்படியே கிடக்கின்றன. தமிழ் விசைப்பலகை திறந்திருக்கும் நேரத்தில் அவசரமாக ‘அம்மா’ என்று தேடினால், அப்படி யாருமில்லை என்கிறது போன். உருண்டையைத் தட்டி, ஏ, எம், எம், ஏ என்று அடித்தால் வந்துவிடுகிறார்.